பின்பக்கத்தின் பதிப்புரிமை

போன வாரம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் என் பின்பக்கத்தை ஊரே பார்த்தது.

பதற வேண்டாம். நான் பேன்ட் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். கடைசி வரிசையில், மனைவிக்குப் பக்கத்தில், கையில் டீ டம்ளருடன் மிக மரியாதையாக உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் மட்டும் மேடையில் இருந்தது. ஃப்ளெக்ஸ் பேனரில்... ஆள் உயரத்துக்கு!

எப்படி இந்தக் கதி வந்தது? எல்லாம் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியால் வந்த வினை.

வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் அன்வர் பாய் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர். ஒருநாள் வீட்டுக்கு வந்தார். நான் எழுதும் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இன்னா சார் இது? இவ்ளோ பெரிய ரைட்டர், டீக்கடை சேர்ல குந்திக்கினு எழுதறீங்க?"

அடுத்த வாரமே மினி லாரியில் ஒரு நாற்காலி வந்து இறங்கியது. அசல் தோல். மெத்து மெத்தென்ற குஷன். காலால் ஒரு உந்து உந்தினால் சுற்றவும் செய்தது.

"ஜெர்மனிக்குப் போக வேண்டிய தோல் சார்" என்றார் பாய். "உங்க வூட்டுக்கு வந்துருச்சு."

பேசாமல் ஜெர்மனிக்கே போயிருக்கலாம்.

நான் பள்ளி ஆசிரியன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குடியாத்தம் லுங்கிக்கு மாறிவிடுவேன். துவைக்கத் துவைக்க மெலிந்து, வெங்காயத் தோல் பதத்துக்கு வந்த லுங்கி. வெளியே வேலூர்ப் பக்கத்து வெயில். உள்ளே கரண்ட் கட். வியர்க்க வியர்க்க அந்தத் தோல் நாற்காலியில் உட்கார்ந்து இலக்கியம் படைத்தேன். ஒரு மாதத்தில் அரிப்பு வந்தது. எங்கே? எழுத்தாளனின் முக்கியமான உறுப்பில்தான். கை என்று நினைத்துவிடாதீர்கள்.

வகுப்பில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். தாங்க முடியாதபோது கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, சிந்திப்பது போல லேசாக ஆடினேன். பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ...

என் மனைவி குளோரி நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸ். "வெக்கப்பட்டா வியாதி போய்டுமா? கெளம்புங்க" என்று டாக்டர் தேவநேசனிடம் இழுத்துப் போனாள். எங்கள் ஊர் தோல் டாக்டர். தோல் என்றால் மனிதத் தோல். ஆம்பூரில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டாக்டர் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு மெய்மறந்து சொன்னார்: "அருமை!"

இத்தனை வருடம் எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லை அவ்வளவு உண்மையாகச் சொன்னதில்லை.

முதுகில் சின்னச் சின்ன ஸ்டிக்கர்களாக ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ரசாயனம் வைத்து அனுப்பினார். இரண்டு நாள் கழித்துப் பிரித்ததில் ஒரு இடம் மட்டும் செக்கச் சிவந்திருந்தது. பூசணம் பிடிக்காமல் இருக்கப் போடும் மருந்தாம். நாற்காலிக் குஷனைக் கிழித்துப் பார்த்தால், உள்ளே அதே மருந்து பொட்டலம் பொட்டலமாக! அன்வர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "தோல்தான் சார் என்னுது. குஷன் வெளியில வாங்கினது. பேஜாரா பூட்ச்சே!"

களிம்பு தடவினேன். சரியாகிவிட்டது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

"சார், இதை ஒரு மெடிக்கல் ஜர்னல்ல எழுதலாம்னு இருக்கேன்" என்று தயங்கினார் டாக்டர். "முதல் நாள் எடுத்தேனே, அந்தப் போட்டோவையும் போட்டா நல்லா இருக்கும்."

"முகம் தெரியுமா டாக்டர்?"

குளோரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மெடிக்கல் ஜர்னல் என்றால் என் மனதில் இருந்த சித்திரம் இதுதான். எங்கோ ஒரு நூலகம். கண்ணாடி பீரோ. அதற்கு ஒரு பூட்டு. சாவி தொலைந்து பல வருடம் ஆகியிருக்கும். அதற்குள் என் பின்பக்கம் நிம்மதியாகத் தூங்கும். சம்மதப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதும் பிள்ளைகளுக்கு முட்டை போடுபவன் நான்!

சில மாதம் கழித்து ஒரு நாள் டியூட்டியிலிருந்து குளோரி போன் செய்தாள்.

"என்னங்க, நீங்க வந்திருக்கீங்க."

"எதுல?"

"இன்டர்நெட்ல. இங்க எங்க கம்ப்யூட்டர்லயே தெரியுது."

அலறியடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவருக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல் சார்! சந்தா கெடையாது, பூட்டு கெடையாது. பிரேசில்ல இருக்கறவன்கூட ஃப்ரீயா பாக்கலாம்!"

"பிரேசில்காரன் எதுக்கு டாக்டர் இதப் பாக்கணும்?"

அவர் என்னை உட்கார வைத்து விளக்கினார். அவருடைய முந்தைய கட்டுரை ஒன்றைப் பெரிய ஜர்னல் ஒன்று வெளியிட்டது. உரிமையெல்லாம் அவர்களுக்கே என்று எழுதி வாங்கிக்கொண்டது. "நான் எழுதினத, நானே ஜெராக்ஸ் எடுத்து நம்ம ஊரு டாக்டருங்களுக்குக் குடுக்க அவங்ககிட்ட பர்மிஷன் கேக்கணும் சார். கேட்டேன். குடுக்கல. இங்க அப்படி இல்ல. உரிமை என்கிட்டயே இருக்கு. யார் வேணா எடுத்துப் போட்டுக்கலாம், தமிழ்ல மாத்திக்கலாம். ஒரே கண்டிஷன்... என் பேரைப் போடணும்."

எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனாலும்...

"கட்டுரை உங்களுது. சரி. படம் யாருது?"

"என்னுதுதான் சார். நான்தானே எடுத்தேன்."

"அதுல இருக்கறது நான் டாக்டர்!"

நான் விடவில்லை. கட்டுரையின் முதல் வரியைக் காட்டினேன். 'ஆம்பூரில் வசிக்கும், வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதும், நடுத்தர வயதுப் பள்ளி ஆசிரியர்.'

"ஆம்பூர்ல அப்படி எத்தனை பேர் டாக்டர் இருக்காங்க?"

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. "முகம் தெரியக் கூடாதுன்னு மட்டும்தான் பாத்தேன். இத யோசிக்கவே இல்ல. என் தப்பு சார்" என்றார். அங்கேயே, என் எதிரிலேயே ஜர்னலுக்கு மெயில் போட்டார். சில நாளில் திருத்திவிட்டார்கள். 'தென்னிந்தியாவைச் சேர்ந்த, உட்கார்ந்து வேலை செய்யும் ஆண்.' இப்போது தென்னிந்தியாவில் பாதிப் பேர் மீது சந்தேகம் விழுந்தது. நான் தப்பித்தேன்.

இருந்தாலும் வீட்டில் கொதித்துக்கொண்டே இருந்தேன். எழுதியவருக்கு உரிமை. வெளியிட்டவருக்கு உரிமை. படிக்கிறவருக்கும் உரிமை. எழுதப்பட்டவனுக்கு என்ன இருக்கிறது?

"நீங்க வாராவாரம் என்னைப் பத்தி எழுதறீங்களே" என்றாள் குளோரி, கீரை ஆய்ந்துகொண்டே. "ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கீங்களா?"

அன்றைய கொதிப்பு அத்துடன் அடங்கியது.

இதற்கிடையே அன்வர் பாய்க்கு மனசு கேட்கவில்லை. தன்னால் ஒரு மனிதருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று, தெரிந்த ஷூ கம்பெனியில் பேசி, தொழிலாளர்களுக்குத் தோல் அலர்ஜி பற்றி ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். டாக்டர்தான் சிறப்புரை. பேனருக்கு அந்தப் படத்தைப் போடலாமா என்று பாய் கேட்க, "தாராளமா எடுத்துக்குங்க, பேரு மட்டும் போட்ருங்க" என்றிருக்கிறார் டாக்டர். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லையாம், சட்டப்படி.

நம் ஊரில் ஃப்ளெக்ஸ் எப்படி இருக்கும்? மேலே படம். கீழே பெயர். பிறந்த நாளோ, காதுகுத்தோ, தேர்தலோ... எந்தப் பெயர் இருக்கிறதோ, படத்தில் இருப்பவர் அவர்தான். ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்குத் தெரிந்ததும் அதுதான்.

மேலே என் பின்பக்கம். கீழே, மஞ்சள் பார்டர் கட்டிய சிவப்பு எழுத்தில்: 'டாக்டர் தேவநேசன், எம்.டி.'

கூடத்துக்குள் வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பெயரைப் படித்தார்கள். பிறகு டாக்டரைப் பார்த்தார்கள். தையல் செக்ஷன் பெண்கள் சிரித்த சிரிப்பில் டீ டம்ளர்கள் உருண்டன. பாவம், அடுத்து வந்த ஞாயிறு சர்ச் சபைக் கமிட்டித் தேர்தலில் டாக்டர் செயலாளர் பதவிக்கு நிற்பதாக இருந்தார். அங்கே சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அதில் ஓட்டு இருந்தது.

"பாய், பேரை மறைங்க!" என்று பல்லைக் கடித்தார் டாக்டர்.

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க? கண்டிஷன்னு சொன்னீங்களே?"

"சின்னதா போடக் கூடாதா?"

"உங்க மரியாதை கம்மி ஆயிடக் கூடாதுன்னு ஜாஸ்தி சைஸ்ல போட்டேன் சார்."

டாக்டர் மைக்கைப் பிடித்தார். விஷயத்தை நன்றாகத்தான் சொன்னார். தோல், பசை, ரசாயனம், ஆரம்பத்திலேயே வந்தால் எளிதாகக் குணமாகும் என்பதெல்லாம். "யாருக்காவது கையிலயோ கால்லயோ இப்படி இருந்தா வாங்க, இப்பவே பாத்துர்றேன்" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளிடம், "போவாத செல்வி, ஒன்னையும் பேனர்ல போட்ருவாங்க" என்றாள்.

நடுவிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "டாக்டர், இப்ப உங்களுக்குப் பரவால்லியா?"

"இது நான் இல்லம்மா."

"அப்ப யாரு?"

டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியையே பார்த்தார். "அத நான் சொல்லக் கூடாதும்மா."

அவ்வளவுதான். கூடம் குலுங்கியது. கூட வந்திருந்த டாக்டரின் மனைவி குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிங்க, பரவால்ல" என்றார் டாக்டர். நெற்றியெல்லாம் வியர்வை. "இவர் யாருன்னு இன்னிக்கு நான் சொன்னா, நாளைக்கு உங்க வியாதியையும் வெளிய சொல்லுவேன்னு அர்த்தம். சொல்ல மாட்டேன்."

என்னைக் காட்டி விரலை நீட்டியிருந்தால் ஒரு நொடியில் அவர் தப்பித்திருப்பார். நீட்டவில்லை. நான் எழுந்தேன்.

குளோரி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எங்க போறீங்க?"

"அடையாளம் காட்ட."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். சட்டையை விட்டாள். "டம்ளரக் குடுத்துட்டுப் போங்க."

மேடையில் டாக்டர் காதோரம் சொன்னார்: "வேணாம் சார். உங்களுக்குக் கட்டாயம் ஒண்ணும் இல்ல."

"படம் உங்களுதா இருக்கலாம் டாக்டர். மத்தது என்னுது" என்று சொல்லிவிட்டு மைக்கை வாங்கினேன். "இது நான்தாங்க."

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அட, நம்ம சாரு! அதான் எம் பொண்ணு சொல்லுச்சு, சாரு செவுத்துல தேச்சுக்கினே பாடம் நடத்தறாருன்னு!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாற்காலி, லுங்கி, அரிப்பு, வெட்கப்பட்டு வீணாக்கிய நாட்கள்... எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப எப்படி சார் இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "நல்லா இருக்கு. நம்புங்க, காட்ட முடியாது" என்றேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் செல்வி எழுந்து வந்துவிட்டாள். பசை ஒட்டும் செக்ஷனாம். கைகளை வெளியே எடுத்தாள். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. "வேலைய விட்டு எடுத்துருவாங்கன்னு சொல்லல சார்" என்றாள். அன்வர் பாய் மேனேஜரைப் பார்த்தார். கூடமே மேனேஜரைப் பார்த்தது. வேறு செக்ஷனுக்கு மாற்றித் தருவதாக அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். வேறு வழி?

செல்விக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

டாக்டர் பழக்க தோஷத்தில் கேமராவை எடுத்தார். எடுத்தவர் கீழே வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளெதிரில் உட்கார்ந்து, என்னிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னார். படம் வெளிவந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எடுத்துப் போடலாம். உன்னைப் பற்றி என்ன எழுதினாலும் முதலில் உன்னிடம் காட்டுவேன். வேண்டாம் என்றாலும் வைத்தியம் இதேதான்.

"பேனர் போடுவாங்களா டாக்டர்?"

"போடலாம்மா. என்னால தடுக்க முடியாது."

செல்வி யோசித்தாள். "இப்ப வேணாம். கை நல்லானப்புறம் எடுங்க. அதையும் போடுவாங்கல்ல?"

டாக்டர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தார்.

சபைத் தேர்தலில் அவர் அமோகமாக ஜெயித்துவிட்டார். எதிர்த்து நின்றவரைவிட ஊருக்கு நன்றாகத் தெரிந்த முகமாகிவிட்டார். முகம் என்றா சொன்னேன்?

இந்தப் பத்தியைக் குளோரியிடம் கொடுத்து, சம்மதம் வாங்கித்தான் அனுப்புகிறேன். இரண்டு வரிகளை வெட்டிவிட்டாள். இருந்ததிலேயே நல்ல வரிகள் அவைதான்.

இன்று காலை பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். இனி பத்திக்கு மேலே என் படத்தையும் போடப் போகிறார்களாம். எந்தப் படம் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.