இடப்பக்கம் திரும்பினால் போகும் பியூஸ்

என் தந்தையுடன் பிறந்தவர்கள் இருவர். இளையவர் சின்ன அத்தை. திருமணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்தார். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. காலையில் வீடு வீடாகச் சென்று ரத்தம் எடுத்து, குளிர்பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். வண்டி கறுப்பு நிறம். வேறொருவர் ஓட்டிச் சலித்து விற்றது. எதையாவது பிடித்துக்கொண்டால் விடமாட்டார் என்பதால் வீட்டில் அவருக்குக் 'கொக்கி' என்று பட்டப்பெயர். பெயர் பொருத்தம்தானா என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஒரு கோடையில் அந்த வண்டி அடிக்கடி நிற்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் ஒரே விதம்: ஹாரன் ஒலிக்காது, விளக்கு எரியாது, என்ஜின் அடங்கிவிடும். அத்தை பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பேட்டரிக்கு அருகிலிருந்த சிறு பெட்டியிலிருந்து பியூஸை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நீல பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் மெல்லிய உலோக இழை அறுந்திருக்கும். அதே பதினைந்து ஆம்பியரில் புதிதாக ஒன்றைச் செருகிக்கொண்டு கிளம்புவார். மூன்றாம் முறை நின்றபோது கையில் மாற்று இல்லை. வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். பெட்டியிலிருந்த ஐஸ் உருகிவிட்டது. ரத்தம் கெட்டுவிட்டதாகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

கெட்டவற்றில் ஒன்று ஒரு வயதான தையற்காரருடையது. அவருக்கு நரம்பு எளிதில் அகப்படாது. மறுநாள் அத்தை மீண்டும் ஊசியோடு போய் நின்றபோது அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நேத்துதானம்மா எடுத்துட்டுப் போனே? இருக்கறதே கொஞ்சம். மொத்தத்தையும் வாங்கிட்டுப் போயிடாதே." வழக்கமாக அவர் பேச்சுக்குச் சிரிக்கும் அத்தையால் அன்று சிரிக்க முடியவில்லை.

அன்று மாலை கூடத்தின் மேற்பார்வையாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவ வண்டி நின்னா ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீங்க கவுண்டர்ல உட்கார்ந்துக்கங்க."

என் தந்தைக்கு இது நல்ல செய்தியாகவே பட்டது. "பேசாம உட்கார்ந்துக்கோ. ஃபேனுக்குக் கீழ பில்லு போடற வேலை. யாருக்குக் கிடைக்கும்?"

"பில்லு போட யார் வேணும்னாலும் கிடைப்பாங்கண்ணே. அந்தத் தையக்காரர் நரம்பு எனக்குத்தான் கிடைக்கும்."

வண்டி மெக்கானிக்கிடம் போனது. எந்த வேலைக்கும் நாளைக்கு வாருங்கள் என்றே சொல்வதால் அவருக்கு 'நாளைக்கு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் பெரிய சாலையில் நேராக ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, "வண்டி தங்கம்க்கா" என்றார். "பதினஞ்சைத் தூக்கிட்டு முப்பது போட்டு விட்டுடறேன். ஜென்மத்துக்கும் போகாது."

"பியூஸ் போகாது. வயர் போகும், அப்புறம் வண்டி போகும், மேல உட்கார்ந்திருக்கற நானும் போவேன். அது ஏன் போகுதுன்னு சொல்லுங்க."

"அதைத் தேடணும்னா நாளைக்குத்தான்." அத்தை நகரவில்லை. மெக்கானிக் பெருமூச்சுவிட்டு, பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைப் பற்றவைத்துக் கொடுத்தார். "பியூஸ் இருக்கற இடத்துல இதை மாட்டுங்க. சாதாரணமா மங்கலா எரியும். எங்கேயாவது ஷார்ட் ஆனா முழுசா எரியும். பியூஸ் வாங்கற செலவாவது மிஞ்சும்."

ஞாயிறு காலை அத்தை முற்றத்தில் வண்டியை நிறுத்தி, சீட்டைக் கழற்றி, பல்பை மாட்டிச் சாவியைத் திருப்பினார். மங்கலாக எரிந்தது. சீட்டுக்கு அடியிலிருந்த வயர்களை ஒவ்வொன்றாக அசைத்தார். டேங்கைத் தூக்கி அதன் கீழும் அசைத்தார். பல்பில் மாற்றமே இல்லை. வெயில் ஏறியது. தந்தை வாசற்படியில் செய்தித்தாளோடு வந்து உட்கார்ந்தார்.

"கொக்கி மாட்டிருச்சு. இனி சாப்பிடக் கூப்பிட்டாலும் வராது."

அத்தை காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, வண்டி நின்ற இடங்களை நினைத்துப் பார்த்தார். முதல் முறை கூடத்தின் வண்டிக் கொட்டகையில் நுழையும்போது. அடுத்தது எங்கள் வீட்டு கேட்டில். மூன்றாவது, தையற்காரர் வீட்டுச் சந்திலிருந்து திரும்பும்போது. மூன்றும் இடப்பக்கம் ஒடித்துத் திருப்பும் இடங்கள். மெக்கானிக் போனதோ நேர்ச் சாலை.

ஹாண்டில்பாரை வலப்பக்கம் கடைசிவரை திருப்பினார். பல்பு மங்கலாகவே இருந்தது. இடப்பக்கம் கடைசிவரை திருப்பினார். கண் கூச எரிந்தது. நேராக்கியதும் மங்கியது. மறுபடி இடப்பக்கம், மறுபடி அதே வெளிச்சம்.

ஹெட்லைட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். வண்டியின் முகப்பில், 'அவசர மருத்துவ மாதிரி' என்று கூடம் கொடுத்த பலகை இருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட் தேவைக்கு மேல் நீளம். இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அதன் நுனி வயர்க் கட்டின்மேல் உராய்ந்து, தோல் தேய்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது.

அந்தப் பலகையை மாட்டிக்கொடுத்தவர் என் தந்தை.

"அண்ணே, இந்த போல்ட்டை எங்கேருந்து எடுத்தீங்க?"

"பழைய கட்டில்லேருந்து. ஏன், ஆடாம நிக்குதுல்ல?"

"அது ஆடவே இல்லண்ணே. என் வேலைதான் ஆடுது."

தந்தை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்து, வண்டியருகே குந்தி உட்கார்ந்தார். தாமே ஹாண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினார், பல்பு பளிச்சென்று எரிந்தது. நேராக்கினார். இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "ரம்பத்தைக் கொண்டா, அந்த நீட்டலை வெட்டிடறேன்" என்றார்.

"வெட்டி எதுக்கு? பலகை பின்னாடி பெட்டிக்குப் போகட்டும். நீங்க இந்த வயரைப் பிடிங்க."

அவர் பிடித்துக்கொண்டார், அத்தை தேய்ந்த இடத்தில் டேப் சுற்றி, அதன்மேல் ரப்பர் குழாயைப் பிளந்து போர்த்திக் கட்டினார். பல்பை எடுத்துவிட்டுப் பதினைந்து ஆம்பியர் பியூஸைச் செருகினார். மாற்றுக்கு ஒன்றை பியூஸ் பெட்டியின் மூடிக்குள் வைத்தார். வேலை முடியும்வரை இருவரும் சாப்பிடப் போகவில்லை.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர், "எப்படியும் வண்டி மறுபடி நிக்கத்தான் போகுது. கவுண்டர்ல நாற்காலி போட்டாச்சு" என்றார்.

"இருக்கட்டும் சார். நீங்க ஒரு நிமிஷம் கொட்டகைக்கு வாங்க."

அவர் கண்முன் அத்தை வண்டியைக் கிளப்பி, இடப்பக்கம் முழுக்க ஒடித்துக் கொட்டகைக்குள்ளேயே வட்டமடித்தார். வட்டம் முடியும்வரை ஹாரனிலிருந்து விரலை எடுக்கவில்லை. மேற்பார்வையாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

"போதும்மா, நம்பறேன். ரூட்டுக்குக் கிளம்புங்க."

கவுண்டரில் உட்காரும்படி தந்தை அதன்பின் சொல்லவில்லை. அத்தை மேலும் பதினான்கு ஆண்டுகள் அதே ரூட்டில் இருந்தார்.