திரையில் இடிந்த சுமைதாங்கி

மதிய வெயிலில் மேலே தொட்டால் கை பொரியும். நிழல் பக்கம் கன்னத்தை வைத்தாலோ மண்பானையைப் போலச் சில்லென்றிருக்கும். செந்துறைச் சாலையில் எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தில், இரண்டு குத்துக்கல்லும் குறுக்கே ஒரு பலகைக்கல்லுமாக நின்ற சுமைதாங்கியை நாங்கள் 'செமதாங்கி' என்போம். இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தபோது இறந்துபோன என் சித்திக்காக, வயிற்றுப் பாரம் அவளை விட்டு இறங்கட்டும் என்று நட்ட கல் அது. விறகுக்கட்டோடு வரும் பெண்கள் தலைச்சுமையை அதன்மேல் சாய்த்துவிட்டு, "செத்த நேரம் வச்சுக்க தாயி" என்று மூச்சு வாங்குவார்கள். ஆளில்லாத வேளையில் சித்தியே வந்து சுமையை இறக்கக் கைகொடுப்பாள் என்பதுதான் ஊரில் வழங்கிய பேய்க்கதை. யாரும் பயந்ததாக நினைவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சித்தி மகன் தங்கராசு, "தூக்கி வுடுண்ணே" என்பான். தூக்கிப் பிடித்தால் தன் பையைக் கல்மேல் வைத்துச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு எடுத்துக்கொள்வான்.

அந்தக் கதை இப்போது படமாக வந்திருக்கிறது. "வாடா, நம்ம ஊரு கதை" என்று, பேரன் எடுத்துவிட்ட தங்கராசுவை அரியலூருக்கு இழுத்துக்கொண்டு போனவன் நான்தான். படத்தில் கல்மேல் சுமை வைத்தவன் கழுத்தையெல்லாம் கர்ப்பிணிப் பெண்ணின் பேய் திருகுகிறது. இத்தனை சந்தேக மரணம் நடந்தும் கிராம நிர்வாக அலுவலர் எட்டிப் பார்க்கவில்லை, பிரேத விசாரணை கிடையாது. கடைசியில் மந்திரவாதி ஒருவன் ஊராட்சித் தீர்மானம்கூட இல்லாமல் கல்லை இடிக்க, பேய் எரிந்து சாம்பலாகிறது. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன், இந்தக் குறைகளையெல்லாம் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தேன். ஆனாலும் கல் உடைந்ததும் அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். பக்கத்தில் தங்கராசு கைகளை மடியில் வைத்தபடி இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

வெளியே டீக்கடையில், "என்னடா, படம் புடிக்கலையா?" என்றேன்.

"ஆபீசரே கைதட்டிட்டாரு, அப்பறம் நான் என்னத்தச் சொல்ல?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு அம்மா மொகமே தெரியாதுண்ணே, ஒரு போட்டோகூட இல்ல. இனிமே நெனச்சா அந்தப் பொம்பள மொகந்தான் வரும்போலருக்கு. நீங்க பாத்திருக்கீங்கல்ல, எப்புடிண்ணே இருக்கும்?" என்றான்.

சாலையை அகலப்படுத்தியபோது ஊரில் நின்ற நிஜக் கல்லும் போய்விட்டது; உரிமையாளர் இல்லாத பொருளுக்கு அறிவிப்புக் கொடுக்க விதியில் இடமில்லை. சித்தியைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று மிச்சம் நான் ஒருவன். கண்ணை மூடித் தேடினேன். சிவந்த கண்ணும் விரித்த தலையுமாக அந்த நடிகைதான் வந்து நின்றாள்.

"ஒன்ன மாதிரியேதான்டா இருக்கும்" என்றேன்.

தங்கராசு டீக்கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.