அப்பாவின் தொடையும் என் தோளும்

போன வருடம் காய்ச்சலில் விழுந்த அப்பா, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு அல்சூர் வீட்டுக்குத் திரும்பியபோது அவர் கால்கள் குச்சியாகியிருந்தன. அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: துணையில்லாமல் கழிவறைக்குப் போக வேண்டும். அரசாங்க உத்தியோகத்தில் நாலு பேரை அதட்டி வேலை வாங்கியவருக்கு, மகன் பக்கத்தில் நிற்க உட்காருவது மானப் பிரச்சினை.

நான் விடுவேனா? வீட்டிலிருந்துதான் ஆபீஸ் வேலை. மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு ஓடி, அக்குளில் கை கொடுத்து அப்படியே தூக்கிவிடுவேன். அவர் நாற்காலிக் கையைப் பிடித்தாலே, "இருங்கப்பா, நான் எதுக்கு இருக்கேன்?" என்று பாய்வேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தார். அப்பாவின் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தினமும் நீங்கதான் தூக்கறீங்களா சார்?"

"ஆமா" என்றேன், பெருமையாக.

"தெரியுது. உங்க தோள் நல்லா ஏறியிருக்கு. அவர் தொடைதான் இன்னும் இறங்கிப்போச்சு. இனிமே தூக்கறதெல்லாம் பேடா, வேண்டவே வேண்டாம்."

தசைக்குப் பாசம் புரியாது, பாரம்தான் புரியும். யார் சுமக்கிறாரோ அவருக்குத்தான் அது வளரும். ஜிம்முக்குப் போகாத நண்பர்களிடம் இதையே மணிக்கணக்கில் பேசியவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சி இது: நாற்காலியில் மூன்று தலையணை போட்டு உயரமாக்கி, அதிலிருந்து அப்பா பத்துத் தடவை எழ வேண்டும். வாரத்துக்கு ஒரு தலையணை குறையும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என் வேலை. ஜிம்மில்கூட நான் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. அப்பா பாதி எழுந்து, முட்டி நடுங்கி, தொப்பென்று உட்காருவார். அம்மா கரண்டியோடு வந்துவிடுவாள்.

"ஏன்டா, பெத்த அப்பா தவிக்கறாரு, நின்னு வேடிக்கை பாக்கறியே! கல்லா உன் நெஞ்சு?"

நாலாவது வாரம் தலையணை எதுவும் மிச்சமில்லை. ஒரு காலை, மீட்டிங்கில் இருந்தபோது நாற்காலி கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். அப்பா தானாக எழுந்து, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் கோபமும் வந்தது. போய்க் கதவைத் தட்டினேன்.

"அப்பா, நான் வரட்டுமா?"

"எதுக்கு?" என்றார் உள்ளேயிருந்து.