சரியாகிவிட்டால் மெயில் வராது

போன செவ்வாய்க்கிழமை காலை எனக்கு மெயில் வரவில்லை.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எனக்குச் செய்திதான். பென்னாகரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். தினமும் காலையில் என் பெயர் போட்டு வருவது அந்த ஒரு மெயில் மட்டும்தான். அனுப்புவதும் மனிதர் இல்லை... எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர்.

கொஞ்சம் விளக்குகிறேன், பயப்படாதீர்கள். உங்கள் போனிலும் லேப்டாப்பிலும் இருப்பவை உலகமெல்லாம் விற்கிற பிராசஸர்கள், அதாவது கம்ப்யூட்டரின் மூளைகள். அவற்றுக்கு எல்லா மென்பொருளும் தயாராகக் கிடைக்கும். அதிகம் பேர் சீந்தாத பிராசஸர்களும் உண்டு. அவற்றில் ஓட வேண்டுமானால், ஒவ்வொரு மென்பொருளையும் அதற்கென்று புதிதாகக் கட்டியெடுக்க வேண்டும். சம்பளமில்லாமல் இதைச் செய்கிற சிலரில் நானும் ஒருத்தி. நான் திருத்தி அனுப்புவேன். அந்தக் கம்ப்யூட்டர் கட்டிப் பார்க்கும். 'தோல்வி' என்று காரணத்தோடு காலையில் மெயில் போடும்.

மழைக்காலம் முழுக்க ஒரே தோல்விதான். திரையில் எழுத்து வரைகிற ஒரு மென்பொருள். அதைக் கட்ட, அதற்கான கையேட்டைத் தயாரிக்கும் மென்பொருள் வேண்டுமாம். சரி, அதைக் கட்டலாமென்று போனால், அதற்குப் படம் வரைகிற மென்பொருள் வேண்டுமாம். படம் வரைகிறவன் யாரைக் கேட்கிறான்? எழுத்து வரைகிறவனை!

"உனக்கு என்னதான்டா வேணும்?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். துணி காயப்போட மாடிக்கு வந்த வீட்டுக்கார அம்மா, மும்தாஜ் அக்கா, ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"யாருகிட்டம்மா சண்டை?"

"மெஷின்கிட்டங்க அக்கா."

"என்ன சொல்லுது?"

"முடியாதுங்குது."

"கீழ எங்க வூட்டுக்காரரும் அதையேதாம்மா சொல்றாரு. மோட்டாரைப் பாருங்கன்னா காதுலயே வாங்கறதில்ல."

திங்கட்கிழமைதான் பொறி தட்டியது. முதலில் கையேடே இல்லாமல், எழுத்து வரைகிறவனை அரைகுறையாகக் கட்டினால் என்ன? அவனை வைத்துப் படக்காரன். படக்காரனை வைத்துக் கையேட்டுக்காரன். பிறகு சாவகாசமாக முதலாமவனை முழுசாக மறுபடி கட்டிக்கொள்ளலாம். அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காபியோடு உட்கார்ந்தால் மெயில் இல்லை. நெட் போய்விட்டதோ? இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் இணையப் பக்கத்துக்கே போய்ப் பார்த்தேன். எல்லாம் பச்சை, வெற்றி! அப்போதுதான் உறைத்தது — தோற்றால் மட்டும்தான் அது மெயில் போடும். ஜெயித்தால் சொல்வதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதித்து யாரிடம் காட்டுவது? எனக்குத் தெரிந்து இந்தப் பிராசஸரைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும், என்னையும் சேர்த்து, ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... அந்தத் தோல்வி மெயிலுக்கு ஏங்கினேன். வேண்டுமென்றே ஒரு வரியைத் தப்பாக மாற்றி அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

"என்னம்மா, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?" மும்தாஜ் அக்காதான்.

"எல்லாம் சரியாயிடுச்சுங்க அக்கா. சரியானா அது பேசாது."

"நல்லதுதானே? அப்புறம் ஏம்மா மூஞ்சி இப்படி இருக்குது?"

ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தேன்.

மொரப்பூரில் என் தம்பி முருகேசன் இருக்கிறான். பாசக்காரன். எனக்கு டெங்கு வந்தபோது பஸ் பிடித்து ஓடி வந்தவன், ஆஸ்பத்திரியில் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஊருக்குப் போன பிறகும் தினமும் போன். உடம்பு தேறியது, போனும் நின்றது. அவனைச் சொல்லி என்ன? நன்றாக இருக்கிற ஒருவரை, நன்றாக இருக்கிறார் என்பதற்காக நீங்களோ நானோ என்றைக்காவது கூப்பிட்டிருக்கிறோமா? அந்த மெஷினுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மனசு கேட்காமல் அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: 'தம்பி, நான் நல்லா இருக்கேன்.'

உடனே போன் அடித்தது.

"அக்கா! என்னக்கா ஆச்சு? மறைக்காம சொல்லு. ஆஸ்பத்திரியில இருக்கியா?"

"ஒண்ணும் ஆகலடா. நல்லாத்தான் இருக்கேன். சும்மாதான்..."

"நெசமாவா?"

"நெசமா."

"ஓ... அப்ப சரிக்கா. வயல்ல டிராக்டர் நிக்குது, வெச்சிடறேன்."

வைத்துவிட்டான்.

நாளைக்கு 'லேசா இருமல்' என்று அனுப்பிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.