பரிமளம் ரீச்சரின் நடுநிலை நாடு

சனிக்கிழமை காலை, ஒஷாவாவில் எங்கள் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது உள்ளே தொலைபேசி அடித்தது. டோர்செட் பார்க்கில் நாங்கள் முன்பு குடியிருந்த கட்டடத்திலிருந்து சறோ பேசினாள். "அக்கா, பரிமளம் ரீச்சர் மோசம் போயிட்டா. பஸ்சுக்கு நிண்டவ, அப்பிடியே சரிஞ்சிட்டாவாம்." "எந்த பஸ்சுக்கு?" என்று கேட்டேன். சாவுச் செய்திக்குக் கேட்கிற கேள்வியா அது?

ரீச்சரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் மட்டக்களப்பு அன்ரி. எனக்கு அவர் வகுப்புத் தோழி. கணக்கியல் படிக்கப் போவதற்கு ஒரு பாடம் குறைகிறது என்று என்னைப் பெரியவர்களுக்கான மாலைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே சரித்திர வகுப்பின் கடைசி வரிசை வாங்கில் ரீச்சர் உட்கார்ந்திருந்தார். ஊரில் அதே சரித்திரத்தை வருடக்கணக்காகப் படிப்பித்தவர். அந்தத் தராதரம் இங்கே செல்லாது, முதலிலிருந்து படியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் வகுப்பாசிரியர் முதலாம் உலகப் போரின் காரணங்களைக் கேட்டார். ரீச்சர் எழுந்து நின்றார். முப்பது நாற்பது வயதுக்காரர் நிறைந்த அந்த வகுப்பில் எழுந்து நின்று பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். கூட்டணிகள், படைப்பெருக்கம், குடியேற்றப் போட்டி, தேசியவாதம், கடைசியில் இளவரசரைச் சுட்ட உடனடிக் காரணம் என்று ஆங்கிலத்தில் மளமளவென்று வந்தது. ஆனால் ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் "முற்றுத்தரிப்பு" என்றார். நடுவில் ஒருதடவை "அடுத்த பந்தி" என்றார். மாணவிகளுக்கு நோட்ஸ் சொல்லிச் சொல்லி ஊறிய வாய் அது. வகுப்பு விழித்துக்கொண்டிருக்க, நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினேன். நான் விஷயத்தை விளக்கியதும் ஆசிரியரோடு சேர்ந்து ரீச்சரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஆசிரியர் சிரித்து முடித்துவிட்டு, "இதில் எந்தக் காரணத்தை நீங்கள் நம்புகிறீர்கள்?" என்று கேட்டார். ரீச்சர் உட்கார்ந்துவிட்டார். திரும்பும்போது கெனடி வீதி பஸ்சில் சொன்னார்: "இத்தின வருசம் காரணம் சொல்லிக் குடுத்திருக்கன். நம்புறயா எண்டு ஒருத்தரும் என்னக் கேக்கல்ல புள்ள."

அவருடைய மகன் ரவீந்திரனைப் பற்றியும் அந்த பஸ்சில்தான் எனக்குத் தெரியவந்தது. எண்பத்துமூன்று ஆடியில் ஒரு வேலையாகக் கொழும்புக்கு வந்த ரீச்சர் கலவரத்தில் அகப்பட்டு, அகதி முகாமிலிருந்து நேரே இங்கே வந்தவர். கணவர் முன்பே காலமாகிவிட்டார். மகன் மட்டக்களப்பில் ரீச்சரின் தம்பி வீட்டில். ஆறு மாதத்தில் அவனையும் இங்கே எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் விமானம் ஏறியிருக்கிறார். ஆறு மாதம் வருடங்களாக இழுபட்டது. ரவியின் வகுப்புப் பெடியன்கள் ஒவ்வொருவராக ஒவ்வொரு ஆயுத இயக்கத்துக்குப் போனார்கள். அவன் போகவில்லை. "என்ட மகன் நடுநிலை நாடு," என்று பெருமையோடு சொல்வார். "அப்ப கொடி ஒண்டு தைச்சு அனுப்புங்கோ ரீச்சர்," என்று நானும் பகிடி விடுவேன்.

பிறகு பாடம் அமெரிக்கா போரில் இறங்கிய கட்டத்துக்கு வந்தது. நீர்மூழ்கிகள், அவை மூழ்கடித்த கப்பல், மெக்சிக்கோவுக்குப் போன இரகசியத் தந்தி எல்லாம் எழுதிப்போட்டார்கள். ரீச்சர் கொப்பியை மூடிவிட்டு என் காதோடு சொன்னார்: "கப்பல் கடலுக்குள்ள தாண்டதும் அமெரிக்கா இறங்கல்ல, தெரியுமா? தன்ட சனம் செத்தும் ரெண்டு வருசத்துக்குக் கிட்டப் பொறுத்தது. அதுக்கு மறுகாதான் இறங்கினது. பொறுத்துக்கொண்டு இருக்கிறவனப் பாத்து நாம நிம்மதியா இருந்திரப்படா." அவர் முகத்தைப் பார்த்தபின் நான் கொடிக் கதையை மறுபடி எடுக்கவில்லை.

அந்த வசந்தத்தில் ரீச்சரின் தம்பியைப் படையினர் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய், உடலாகத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். செய்தி வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ரீச்சர் அழுது ஓய்ந்து, கொழும்பிலிருந்து பேசிய உறவினரிடம் ஒன்றுதான் கேட்டார்: ரவி என்ன செய்கிறான்? அவன் அமைதியாக இருக்கிறான், நேரத்துக்குச் சாப்பிடுகிறான், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அவர் ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார். ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் குழறி அழுதிருந்தா எனக்குப் பயமில்ல புள்ள."

அதன்பிறகு மகனை எடுப்பதற்காக அவர் ஏறாத அலுவலகம் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் வீட்டுத் தொலைபேசிக்கு மகனை அழைத்துப் பேசுவார். "நான் ஒண்டுக்கும் போகல்லம்மா," என்று அவன் ஒவ்வொரு தடவையும் ஒரே குரலில் சொன்னான். விசா அனுமதி வந்த வாரம் கடைக்காரரே தொலைபேசியை எடுத்து, ரவி வீட்டில் இல்லை என்றார். எங்கே என்று ரீச்சர் கேட்கவில்லை.

ஆனாலும் ரீச்சர் சரித்திரப் பாடச் சோதனைக்கு வந்தார். நடுநிலை வகித்த நாடு போரில் நுழைந்ததை விளக்குக என்று கேள்வி வந்திருந்தது. அரைவாசி நேரத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். நான் முடித்துவிட்டு ஓடிவந்தபோது படிக்கட்டில் இருந்தார். "காரணமெல்லாம் தெரியும் புள்ள. இதில எத நான் இல்லாம ஆக்கியிருந்தா அவன் நிண்டிருப்பான் எண்டுதான் தெரியல்ல." எனக்கு இப்போதும் சில இரவுகளில் அந்தக் குரல் கேட்கிறது.

ரவியைப் பற்றி அதன்பின் ஒரு தகவலும் இல்லை. கிழக்கிலிருந்து யாராவது வந்திறங்கினால், நகரின் மறுகோடியான ரெக்ஸ்டேல் என்றாலும் ரீச்சர் பஸ் மாறி மாறிப் போவார். மகனைக் கண்டீர்களா என்று நேரே கேட்கமாட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு, அங்கே மழை எப்படி என்று கேட்டபடி இருப்பார். கடைசியாக நின்றதும் அப்படியொரு வீட்டுக்குப் போகிற பஸ்சுக்குத்தான் என்று சறோ பிறகு சொன்னாள்.

கடைகளில் ஒட்டுவதற்கு மரண அறிவித்தல் அடிக்க நான்தான் போனேன். தட்டச்சு செய்த பெடியன் எல்லாப் பெயர்களையும் வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்து, கணவர் பெயருக்கும் தம்பி பெயருக்கும் முன்னால் "காலஞ்சென்ற" என்று அடித்துவிட்டு நிறுத்தினான்.

"அக்கா, 'ரவீந்திரனின் பாசமிகு தாயாரும்' எண்டதுக்கு முன்னாலயும் போடவோ? அவர் இயக்கத்துக்குப் போய்..."

"போடாதை."

"அப்ப உயிரோட இருக்கிறாரோ?"

"தெரியாது."

"ஆராவது கேட்டால் என்ன சொல்லுறது?"

"என்னட்டை அனுப்பு," என்றேன்.

ரீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ரவீந்திரன் என்ற அந்த ஒரு பெயர். நேற்று மட்டக்களப்பிலிருந்து ஒரு குடும்பம் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். தேத்தண்ணி தந்தார்கள். அங்கே மழை எப்படி என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு கேட்கப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.