அத்தா நடந்த கல்பாதை

என் வீட்டுப் புல்தரையில் புதைந்துபோயிருந்த கடப்பா கல்லைக் கடப்பாரையால் நெம்பினேன். அடியிலிருந்து ஈர மணல் வாசனை எழுந்ததும் கள்ளக்குறிச்சியில் நான் வளர்ந்த வீடு கண்முன் வந்துவிட்டது.

அங்கேயும் வாசலிலிருந்து கேட் வரை புல்லுக்கு நடுவே கற்கள் பதித்திருக்கும். ஒரு மழைக்காலத்தில் அவை ஏறுக்குமாறாக இறங்கிவிட்டன. விபத்தில் கால் ஒடிந்து, அப்போதுதான் ஊன்றுகோலோடு நடக்கப் பழகியிருந்த அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதில் இடறி விழுந்தார். அதன்பிறகு கடைக்கும் போகவில்லை, தொழுகைக்கும் போகவில்லை. கைத்தாங்கலாக அழைத்துப்போக வந்தவர்களை, "யாரும் என்னப் புடிக்க வாணாம்" என்று திருப்பி அனுப்பினார்.

ஒருநாள் காலையில் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, மணல் கொட்டி, இடித்து இறுக்கி, மறுபடி பதித்தாள். மேலே ஏறி நின்று பார்ப்பாள். கொஞ்சம் ஆடினாலும் திரும்ப எடுப்பாள்.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க? ஆள வச்சி செய்யலாமில்ல?" என்றார் அத்தா.

"நீங்க நடக்கற வழிங்க. நானே பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை அத்தா தொப்பி போட்டுக்கொண்டு, தரையைப் பார்க்காமலே, தனியாகக் கேட் வரை நடந்தார். எதிர்வீட்டுக்காரரிடம், "எங்கூட்டம்மா போட்ட கல்லு, பாத்தியா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். சன்னலோரம் நின்ற அம்மா, கொப்புளம் கண்ட கைகளால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவளுக்குப் பிறந்தவள் நான். மணல் கொட்டிப் பதித்த கல்லின்மேல் ஏறி நின்று, அது ஆடவில்லை என்று பார்த்துவிட்டு, அடுத்த கல்லுக்குப் போனேன்.