இருபத்திரண்டு பேருக்குத் தலைவி

உதவித்தொகை விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வியைப் பார்த்ததும் ராஜப்ரியா பேனாவை மூடி வைத்தாள். 'நீங்கள் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கிய அனுபவத்தை விவரிக்கவும்' என்று போட்டிருந்தது. இந்த இருபத்தொரு வயதுக்குள் அவள் தலைமை தாங்கியது ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு வாரம்; பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் வேலை. அதிலும் முதல் நாளே டீச்சர் வந்து அவள் பெயரைத்தான் எழுதினார்.

ஆனாலும் எதையாவது எழுதியாக வேண்டும். கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்துவிட்டது. தச்சு வேலை பார்க்கும் அப்பா சிவசங்கரனோ, "ஒதவித்தொகை வந்தா போ ஆத்தா. வரலைன்னா என்னால இம்புட்டுத்தான் ஆகும்" என்று கையை விரித்துவிட்டார்.

யோசித்து யோசித்துக் கடைசியில் மானகிரிப் பேருந்து மறியலைப் பிடித்துக்கொண்டாள். 'என் தலைமையில் இருபத்திரண்டு மாணவிகள் போராடி, எங்கள் ஊரில் நிற்காமல் போன பேருந்தை நிற்க வைத்தோம்.' எழுதி முடித்துப் படித்தபோது, யார் அந்தப் பெண், நேரில் பார்க்க வேண்டுமே என்று அவளுக்கே ஆசை வந்தது.

நடந்தது வேறு. காலையில் காரைக்குடிக்குப் போகும் அந்தப் பேருந்து, பாதி இருக்கை காலியாகக் கிடந்தாலும் மானகிரியில் நிற்காது. மனசு வந்தால் வாரத்தில் ஒரு நாள் நிற்கும். ஒரு திங்கட்கிழமை, கல்லூரி போகிற பிள்ளைகள் எல்லோரும் ரோட்டை மறித்து நிற்பது, ராஜப்ரியா போய் ஓட்டுநரிடம் மனுவைக் கொடுப்பது என்று ஏற்பாடு. அந்தப் பொறுப்பு அவளுக்கு வந்ததே, கையெழுத்து நன்றாக இருக்கும், மனுவை எழுதியதும் அவள் என்பதால்தான். பேருந்து வந்தது. மறித்தார்கள். நின்றும் விட்டது. நடத்துநர் வழக்கம்போல, "ஏறுறவுக வெரசா ஏறுங்க!" என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான். மூன்று வருடமாகச் சாயங்காலம் திரும்பி வரும் பேருந்துக் கூட்டத்தில் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்துப் பழகிய கை, அவளைக் கேட்காமலே பையைத் தூக்கி உள்ளே போட்டது. மனு பைக்குள் இருந்தது.

தலைவியே இடம் பிடித்துவிட்டாள், மறியல் முடிந்தது போலிருக்கிறது என்று இருபத்திரண்டு பேரும் படிக்கட்டுப் பக்கம் ஓடினார்கள். ரோடு காலியானது. விட்டால் போதும் என்று, ஒருத்தி ஏறுவதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். "என் பை, என் பை" என்று கத்திக்கொண்டு, துப்பட்டா ஒரு பக்கம் செருப்பு ஒரு பக்கமாக ராஜப்ரியா ஓடினாள். அவள் பின்னால் அத்தனை பேரும் ஓடினார்கள்.

பை சொகுசாகக் காரைக்குடி போய்ச் சேர்ந்தது. யாருடையது என்று பேருந்து நிலையத்தில் திறந்து பார்த்தவர்கள் மனுவைப் படித்து மேலிடத்துக்கு அனுப்ப, அடுத்த வாரத்திலிருந்து பேருந்து ஒழுங்காக நின்றது. அவள் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய காரியத்தை அவளுடைய பைதான் செய்து முடித்தது.

நேர்காணல் மதுரையில். தேர்வுக் குழுவில் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே, "மனுவை யார் கையில கொடுத்தீங்க?" என்று கேட்டார். தயார் செய்து வந்திருந்த பொய் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போய்விட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தேர்வுக் குழுவின் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கோயம்புத்தூர் போச்சு என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விண்ணப்பத்தில் சாட்சியாகப் போட்டிருந்த தோழி ரீனாவுக்கு போன் செய்து ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்த மறியல்ல ராஜப்ரியாதான் உங்களுக்குத் தலைவியா?"

"அவளா? அவ சொன்னா ஒருத்தியும் கேக்க மாட்டோம், மேடம். நல்ல பிள்ளைதான், கொஞ்சம் கூறு பத்தாது."

நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது ராஜப்ரியாவுக்கு.

"அப்புறம் எதுக்கு எல்லாரும் அவங்க பின்னாடி ஓடினீங்க? பஸ்ஸைப் பிடிக்கவா?"

"போன பஸ்ஸ எங்குட்டுப் பிடிக்கிறது? அவ தனியா ஓடுனாள்ல, மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா போனை வைத்துவிட்டு ஏதோ எழுதினார்.

உதவித்தொகை கிடைத்ததாகக் கடிதம் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. ராஜப்ரியாவுக்கு அழுகை அந்த நேர்காணல் அறையிலேயே வந்துவிட்டது.